நாலாம் துண்டின் தலைமாடு

மச்சினி புதுச் செருப்பு போட்டுக்கொண்டு சேற்றுக் கிடங்குக்குள் வந்தாள். அந்தக் கிடங்குக்குள் யாரும் புதுச் செருப்போடு வருவதில்லை. கிடங்குக்காரர் அதைக் கவனித்துவிட்டு, கவனிக்காதவர் மாதிரி கையிலிருந்த பட்டியலில் மூழ்கினார்.

"மாமா, கொஞ்சம் கீழ பாருங்க."

"தரை சுத்தமாத்தான் இருக்கு. காலையில நானே துடைச்சேன்."

"தரை இல்ல. காலு."

"ஓ, காலா? ரெண்டு இருக்கு. சரியாத்தான் இருக்கு."

"வியாழக்கிழமை கூட்டத்துக்குன்னு அக்காவோட போய் வாங்கினேன். நல்லா இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க."

"ஜோரா இருக்கு, பூச்சி," என்றார். என்ன நிறம், சட்டைக்குப் பொருந்துமா என்றெல்லாம் அவள் கேட்கவில்லை. மற்றவர்கள் கேட்டு அவரைத் திண்டாட வைப்பார்கள். இவள் ஒருநாளும் கேட்டதில்லை. அதனாலேயே இந்த மச்சினி மேல் அவருக்குத் தனிப் பிரியம்.

கிடங்குக்காரருக்கு ஐம்பத்தாறு வயது. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த அந்த ஆராய்ச்சி நிலையத்தில் இருபத்தேழு வருஷ வேலை. முதலில் கப்பல் தளத்தில் இருந்தார். முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்ததும் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். பத்து வருஷமாக, குளிர்பெட்டிக்குள் வைத்த காய்கறி மாதிரி, நாலு டிகிரி குளிரில் கம்பளிக் கோட்டு மாட்டிக்கொண்டு சேற்றுக்குக் காவல் இருக்கிறார். "ஊரெல்லாம் தங்கத்தைப் பூட்டி வைக்குது. எங்க வீட்டுக்காரர் சேத்தைப் பூட்டி வைக்கிறார்," என்று அவர் மனைவி சொல்லாத ஆளில்லை.

சேறு என்றால் சும்மா சேறு இல்லை. கப்பலிலிருந்து நீளக் குழாயை இறக்கிக் கடலடியில் குத்தி, உள்ளே ஏறியதை அப்படியே மேலே தூக்குவார்கள். தளத்தில் வைத்து அதை மீட்டர் மீட்டராக ரம்பத்தால் அறுப்பார்கள். அடிச்சேறு பழசு, மேல்சேறு புதுசு. ஆகவே எது மேல், எது கீழ் என்பதுதான் அந்தத் தொழிலில் எல்லாமே. மேல்முனையைத் தலைமாடு என்பார்கள், கீழ்முனையைக் கால்மாடு என்பார்கள், தூங்குகிற ஆளைப் பற்றிப் பேசுகிற மாதிரி. அறுத்த கையோடு தலைமாட்டுக்குச் சிவப்பு மூடி, கால்மாட்டுக்குப் பச்சை மூடி. பிறகு குழாயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை ஆராய்ச்சிக்குத் தோண்டுவார்கள். இன்னொரு பாதியை யாரும் தொடாமல் சுற்றிக் கிடங்கில் வைத்துவிடுவார்கள்.

மச்சினி அந்தத் தோண்டுகிற கூட்டத்தைச் சேர்ந்தவள். நாற்பது வயது. பதினாலு வருஷத்துக்கு முன்னால் நிலையத்தில் சேர்ந்தாள். கரண்டி கரண்டியாகச் சேற்றை எடுத்துச் சலித்து, உருப்பெருக்கியின் அடியில் வைத்து, மணலைவிடச் சிறிய நீர்ப்பூச்சிகளின் ஓடுகளை எண்ணுவது அவள் வேலை. அதனால்தான் பூச்சி என்ற பட்டம். சதுப்பில் வாழ்ந்த பூச்சிகள் மண் துகளை ஒட்டிச் சட்டை தைத்துக்கொள்ளும். கடலில் வாழ்ந்தவை வெள்ளைச் சுண்ணாம்புச் சட்டை போட்டுக்கொள்ளும். எந்தச் சேற்றில் எந்தச் சட்டை அதிகம் என்று எண்ணினால், அங்கே அப்போது கடல் எத்தனை ஆழம் நின்றது என்று சொல்லிவிடலாம்.

ஆறு வருஷமாக அவள் ஒரே ஒரு குழாயை எண்ணிக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் எடுத்தது, எட்டுத் துண்டு. ஒன்பதாயிரம் வருஷத்துக்கு முன்னால், உலகத்துப் பனியெல்லாம் உருகிக் கடல் ஏறிய காலத்துக் கதை அதில் இருந்தது. அடியிலிருந்து மேலே வந்தால், ஐந்தாம் துண்டுவரை சதுப்பு. நாலாம் துண்டு தொடங்கிய உடனே திடீரென்று கடல். அப்புறம் நாலாம் துண்டு முடிவதற்குள் கடல் மெல்லப் பின்வாங்கி மறுபடி சதுப்பு. மூன்றாம் துண்டு தொடங்கியதும் மறுபடி திடீரென்று கடல். கடல் இரண்டு தரம் பாய்ந்திருக்கிறது! இப்படி ஒன்றை யாரும் அதுவரை கண்டதில்லை. வியாழக்கிழமை வெளியூர் ஆராய்ச்சி ஆட்கள் முன்னால் அதைத்தான் அவள் கட்டுரையாகப் படிக்கப்போகிறாள்.

"நாலாம் துண்டோட சுத்தி வெச்ச பாதியைப் பிரிச்சு, முகத்தை வழிச்சு வெச்சிடுங்க மாமா. நாளைக்குப் படம் எடுக்கணும். பத்தொம்பது வருஷமா தூங்குது, மெல்ல எழுப்புங்க," என்று சொல்லிவிட்டு, செருப்பு டக்டக்கென்று சத்தம் போட அவள் போனாள்.

அவர் நாலாம் துண்டை மேசையில் கிடத்தினார். சுற்றியிருந்த தாளைப் பிரித்தார். மேல்பூச்சாகக் காய்ந்திருந்ததைத் தகட்டால் குறுக்குவாக்கில் வழித்தார். உள்ளேயிருந்து ஈரச் சேறு, வரி வரியாக, நேற்றுப் படிந்தது போல வந்தது. இந்த வேலையில் இந்த நிமிஷம் மட்டும் அவருக்கு அலுத்ததே கிடையாது.

பாதி வழித்திருப்பார். கை நின்றது.

வரிகள் வளைந்திருந்தன. அதில் அதிசயம் இல்லை, எல்லாக் குழாயிலும் வளைந்துதான் இருக்கும். குழாய் கீழே இறங்கும்போது ஓரத்துச் சேற்றையும் கொஞ்சம் கீழே இழுத்துக்கொண்டு போகும். ஆகவே ஒவ்வொரு வரியும் நடுவில் மேடாக, ஓரங்களில் தாழ்ந்து, கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். இங்கே கிண்ணம் நிமிர்ந்திருந்தது. ஒரு வரி இல்லை, இரண்டு வரி இல்லை, மேலிருந்து கீழ்வரை எல்லாமே சோறு போட்டுக்கொள்ளலாம் போல நிமிர்ந்த கிண்ணங்கள்.

அவர் மூன்றாம் துண்டையும் ஐந்தாம் துண்டையும் எடுத்து வந்து இரு பக்கமும் போட்டுப் பிரித்தார். இரண்டிலும் கிண்ணம் கவிழ்ந்துதான் இருந்தது.

நாலாம் துண்டு தலைகீழ். பத்தொன்பது வருஷமாகத் தலைமாட்டில் காலை வைத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறது.

அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. கடல் பாய்ந்த இரண்டு இடமும் துண்டின் இரண்டு முனைகள். அவர் ரம்பம் வைத்து அறுத்த இடங்கள். ஒன்பதாயிரம் வருஷத்துக்கு முந்திய கடலுக்கு, தன் ரம்பம் எங்கே விழும் என்று எப்படித் தெரியும்? துண்டைத் திருப்பிப் போட்டால் சதுப்புக்கு மேல் சதுப்பு, கடலுக்குக் கீழ் கடல். பாய்ச்சலே கிடையாது. மச்சினியின் ஆறு வருஷமும், வியாழக்கிழமையும், புதுச் செருப்பும் ஒரே திருப்பலில் போச்சு.

மூடி மாட்டியது யார்? பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். அவர் கையெழுத்து. நாலாம் துண்டு என்று எழுதிய வரியின் மேல் வட்டமாக டீக்கறை. பார்த்ததும் அந்த நாள் முழுக்க ஞாபகம் வந்துவிட்டது.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். கிடங்குக்காரருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று. இரண்டும் பழைய அட்டைப்பெட்டி நிறம். கப்பல் வேலைக்கு நிறம் தெரியாதவரை எடுக்கமாட்டார்கள். வேலையில் சேர்ந்த வருஷம், கண் சோதனைக்கு வரிசையில் நின்றபோது, முன்னால் போனவன் புள்ளிப் படங்களில் தெரிந்த எண்களைச் சத்தமாகச் சொல்வதைக் கதவுக்கு வெளியே நின்று வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் பண்ணிக்கொண்டு, உள்ளே போய் ஒப்பித்துவிட்டார். அது அவர் மனைவிக்கு மட்டும் தெரியும். அந்த அம்மாள் வேலை பார்ப்பது மூக்குக் கண்ணாடிக் கடையில். ஊரார் கண்ணுக்கெல்லாம் வழி சொல்லிவிட்டு, வீட்டுக் கண்ணை மட்டும் மூடி மறைத்துக்கொண்டிருந்தாள். தக்காளி வாங்க மட்டும் அவரை ஒருநாளும் அனுப்பமாட்டாள்.

தளத்தில் அவர் சமாளித்த விதம் சுலபமானது. சிவப்பு மூடிப் பெட்டி இடதுகால் பக்கம், பச்சை மூடிப் பெட்டி வலதுகால் பக்கம். நிறத்தைப் பார்க்கவே வேண்டாம், பக்கத்தைப் பார்த்தால் போதும். அன்று நாலாம் துண்டை அறுத்துக்கொண்டிருந்தபோது கப்பல் சமையல்காரர் டீ எடுத்து வந்தார். வழியில் பெட்டி கிடக்கிறதே என்று காலால் ஒதுக்கி, போகும்போது பெரிய மனுஷனாகத் திரும்ப எடுத்தும் வைத்தார். எந்தப் பக்கம் எது என்று அவருக்கு என்ன வந்தது? இவர் ஒரு கையில் டம்ளரோடு மாட்டினார். அடுத்த துண்டை அறுப்பதற்குள், உடன் வேலை செய்தவர் பெட்டி மாறியிருக்கிறதே என்று பழையபடி வைத்துவிட்டார். அதை இவர் பெரிதாக நினைக்கவில்லை.

இப்போதெல்லாம் அந்தக் கவலையே கிடையாது. பதினாலு வருஷமாக, சிவப்பு மூடியின் விளிம்பில் கம்பெனிக்காரனே ஒரு சின்ன வெட்டு வைத்து அனுப்புகிறான். கட்டைவிரலால் தடவினாலே போதும். முதல் மூட்டை அப்படி வந்த அன்று கிடங்குக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. எந்த மகராசன் யோசித்தானோ, அவன் குடும்பம் நல்லா இருக்கணும் என்று வாய்விட்டு வாழ்த்தினார்.

சாயங்காலம் சமையலறையில் மனைவி தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினார்.

"சொல்லிடுங்க," என்றாள் அவள், கத்தியை நிறுத்தாமல்.

"சொல்லிடுங்கன்னா? ஆறு வருஷம்டி. அவ முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்றது?"

"முகத்தைப் பார்க்க முடியலன்னா செருப்பைப் பார்த்துச் சொல்லுங்க. கூட்டத்துல படிச்சதுக்கு அப்புறம் எவனாவது கண்டுபிடிச்சா அவ தலை குனிஞ்சு நிக்கணுமே, அது பரவாயில்லையா?"

"அது சரி. எப்படி மாறிச்சுன்னு கேட்டா?"

அவள் கத்தியை வைத்துவிட்டுத் திரும்பினாள். "அதையும் சொல்லுங்க."

"பொய் சொல்லி வேலைக்குச் சேர்ந்தேன்னா? ரிட்டையராக இன்னும் நாலு வருஷம் இருக்கு. வீட்டுக்கு அனுப்பிட்டா?"

"அனுப்பினா வீட்டுல இருங்க. நான் கடைக்குப் போறப்போ நீங்க சமைங்க. தக்காளி மட்டும் நான் வாங்கித் தர்றேன்," என்று சிரித்தாள். அவளுக்கு எப்படிச் சிரிப்பு வந்தது என்று அவருக்குப் புரியவில்லை. கொஞ்சம் கோபமாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை மச்சினி கிடங்குக்கு வந்தபோது, மூன்று துண்டுகளையும் வரிசையாகக் கிடத்தியிருந்தார். விரலால் கிண்ணங்களைக் காட்டினார். அவள் முதலில் சிரித்தபடி குனிந்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது. பக்கத்தில் போய், பென்சில் தடிமனுள்ள மணல் வரி ஒன்றைக் கண்டுபிடித்து, ஊசியால் கிள்ளி விரலில் தேய்த்தாள். கனமான மணல் முதலில் படியும், மாவு மணல் அதன் மேல் படியும். இங்கே மாவு மணல் கீழே இருந்தது.

அவள் கவிழ்த்துப் போட்ட பெட்டியின் மேல் உட்கார்ந்தாள்.

"தோண்டின பாதியில வரியெல்லாம் கலைஞ்சு போச்சு மாமா. நான் பூச்சியைத்தான் பார்த்தேன். வளைவைப் பார்க்கவே இல்ல." துண்டின் முனைகளைப் பார்த்தபடி, "ரெண்டும் முனையிலயே வருதேன்னு ஒரு தடவை தோணுச்சு. முனைச்சேறு எப்பவும் கலங்கித்தான் இருக்கும்னு விட்டுட்டேன். தோணினதை விட்டுட்டேன் பாருங்க," என்றாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. தன் கம்பளிக் கோட்டின் கையால் துடைத்துக்கொண்டாள்.

"நான்தான் மூடி மாட்டினேன், பூச்சி."

"தெரியும். பதிவேட்டுல பார்த்திருக்கேன். எப்படி மாறிச்சு?"

"டீ வந்துச்சு. சமையல்காரர் பெட்டியை மாத்தி வெச்சிட்டார்."

அவள் அவரையே பார்த்தாள். இன்னும் ஏதோ வரும் என்று காத்திருக்கிற பார்வை.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"சரி," என்று எழுந்துவிட்டாள்.  பாதியைச் சொல்லி மீதியை முழுங்கிவிட்டோமே என்று கிடங்குக்காரருக்குத் தன்மேலேயே எரிச்சலாக இருந்தது.

எரிச்சலை வேலையில் காட்டினார். வெட்டு வைத்த மூடி வருவதற்கு முன்னால் தன் கையால் மாட்டிய துண்டுகள் கிடங்கில் எத்தனை என்று பார்த்தார்: நூற்று நாற்பத்திரண்டு. செவ்வாய் மதியத்திலிருந்து புதன் சாயங்காலம் வரை, ஒவ்வொன்றாக இறக்கி, பிரித்து, ஒரு சாண் அளவு வழித்து, கிண்ணம் கவிழ்ந்திருக்கிறதா என்று பார்த்துச் சுற்றி வைத்தார். குளிரில் விரல் மரத்துப்போனது. மனைவி சுடுதண்ணீர் ஃபிளாஸ்கைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டுப் போனாள்.

மேல்மாடியில் மச்சினியும் சும்மா இல்லை. நாலாம் துண்டின் எண்களை எல்லாம் தலைகீழாக மாற்றி வரைபடம் போட்டுக்கொண்டிருந்தாள். புதன் சாயங்காலம் கிடங்குக் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினாள். முகத்தில் தூக்கமில்லாத களைப்பு இருந்தாலும் பழைய குறும்பு திரும்பியிருந்தது.

"பாய்ச்சல் போச்சு மாமா. ரெண்டுமே. கடல் பாயவே இல்ல, நடந்து வந்திருக்கு. இருநூத்தம்பது வருஷம், வருஷத்துக்கு ஒரு விரற்கடை. ஆனா ஒரு இடத்துலகூட உக்காரல. ரெண்டு ஆள் உயரம் ஏறிட்டுதான் மூச்சு விட்டிருக்கு."

"அது நல்ல செய்தியா, கெட்ட செய்தியா?"

"பேப்பர்ல தலைப்பு போடறவங்களுக்குக் கெட்டது. எனக்கு நல்லதுதான். முன்னாடி படம் ஒடிஞ்ச கோடு மாதிரி இருந்துச்சு, எனக்கே முழுசா நம்பிக்கை இல்ல. இப்போ ஒரே கோடு. நம்பலாம்."

வியாழக்கிழமை கூட்டம். இருபது நாற்காலி போட்ட சிறிய அரங்கு. வெளியூர் ஆட்கள் ஆறு பேர் முன்வரிசையில். அவர்கள் பக்கத்தில் நிலையத்தின் இயக்குநர், எப்போதும் போலத் தொண்டைக்கு மிட்டாய் ஒன்றை வாயில் அதக்கிக்கொண்டு. கிடங்குக்காரர் கடைசி வரிசை ஓரத்தில் உட்கார்ந்தார்.

மச்சினி புதுச் செருப்போடுதான் வந்தாள். "திங்கக்கிழமை வரைக்கும் இந்தப் படத்துல கடல் ரெண்டு தரம் பாய்ஞ்சுது," என்று ஆரம்பித்தாள். பழைய படத்தைக் காட்டினாள். புதிய படத்தைக் காட்டினாள். துண்டு தலைகீழாக இருந்ததைக் கண்டுபிடித்தது கிடங்குக்காரர் என்றாள். முன்வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். கிடங்குக்காரர் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டார்.

படித்து முடித்ததும் இயக்குநர் மிட்டாயை ஒரு கன்னத்துக்குத் தள்ளினார்.

"எல்லாம் சரிம்மா. ஒரு சந்தேகம். மூடி எப்படி மாறிச்சு?"

"தளத்துல டீ வந்தப்போ பெட்டி இடம் மாறியிருக்கு, சார்."

"பெட்டி மாறினா என்ன? சிவப்பு சிவப்புதானே? கையில எடுக்கறப்போ கண்ணுக்குத் தெரியாதா? கண்ணுக்கு எதிர்ல இருக்கறதையே ஒருத்தர் மாத்தி மாட்டியிருந்தா, அது கவனக்குறைவு. கவனக்குறைவு ஒரு துண்டோட நிக்காது. மத்த ஏழு துண்டும் நேராத்தான் இருக்குன்னு எதை வெச்சு நம்பறது? கிடங்குல இருக்கற மத்ததெல்லாம்?"

நியாயமான கேள்வி. முன்வரிசையில் பேனாக்கள் நின்றன. மச்சினி வாயைத் திறந்தாள், மூடினாள். பதில் சொல்லத் தெரியாதவள் முகமாக அது இல்லை. சொல்லக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிற முகமாக இருந்தது. அவள் கடைசி வரிசைப் பக்கம் மறந்தும் பார்க்கவில்லை. "அதை நான் மறுபடி சோதிச்சுப் பார்க்கறேன், சார்," என்றாள் கடைசியில், குரல் இறங்கி.

ஒரே கோடு, நம்பலாம் என்று நேற்றுச் சொன்னவள். அவள் குரல் இறங்கியதைக் கிடங்குக்காரரால் தாங்க முடியவில்லை. முழங்கால் முனக எழுந்தார்.

"சோதிச்சாச்சு, சார். மாட்டினது நான். கவனக்குறைவு இல்ல. எனக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது."

அரங்கில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. அவர் நிறுத்தவில்லை, நிறுத்தினால் அப்புறம் வராது என்று தெரியும். இடதுகால் பெட்டி, வலதுகால் பெட்டி, சமையல்காரர், டீ, கூட இருந்தவர் திரும்ப எடுத்து வைத்தது, எல்லாம் சொன்னார். பெட்டி மாறாத வரை தன் கை மாறாது என்றார். நூற்று நாற்பத்திரண்டு துண்டையும் பிரித்துப் பார்த்ததைச் சொன்னார். நூற்று முப்பத்துநாலு நேராக இருக்கிறது. ஏழு வெறும் மணல், அதில் வரி தெரியவில்லை, வேறு விதமாகப் பார்க்க வேண்டும். தலைகீழ் இந்த ஒன்றுதான். இந்தக் குழாயின் மற்ற ஏழு துண்டும் சந்தேகமே இல்லாமல் நேர்.

"அதுக்கு அப்புறம் வந்ததுல தப்பு வர வழியே இல்ல, சார். பதினாலு வருஷமா சிவப்பு மூடியில கம்பெனிக்காரனே வெட்டு வெச்சு அனுப்பறான். கண்ணே வேண்டாம், விரல் போதும்." சட்டைப் பையிலிருந்து ஒரு மூடியை எடுத்து முன்வரிசைக்கு அனுப்பினார்.

இயக்குநர் கையை நீட்டி வாங்கி, விளிம்பைத் தடவிப் பார்த்தார். பிறகு இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"கம்பெனியா? போன மாசம் புதுசா வந்த மூட்டை என் அறையிலதான் கிடக்கு. அதுல வெட்டு எதுவும் இல்லையே. இது கத்திரிக்கோல் வெட்டு மாதிரி இருக்கு."

மேடையில் மச்சினி தன் புதுச் செருப்பை ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காது மடல் இரண்டும் சூடேறிய மாதிரி இருந்தது. நிறம் தெரியாவிட்டாலும் அது கிடங்குக்காரருக்குத் தெரிந்தது.

"பூச்சி?" என்றார் அவர்.

"மூட்டை வந்தா ஒரு வாரம் என் மேசைக்கு அடியில இருக்கும், மாமா. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல வெட்டுவேன். அப்புறம்தான் கிடங்குக்கு அனுப்புவேன்."

"எல்லா மூடியுமா?"

"எல்லா சிவப்பு மூடியும்."

கிடங்குக்காரர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பதினாலு வருஷம். எத்தனை ஆயிரம் மூடி என்று மனசு கணக்குப் போடப் போய், பாதியில் விட்டுவிட்டது. இயக்குநர் மூடியை அவரிடமே திருப்பிக் கொடுக்கச் சொல்லிப் பின்னால் அனுப்பினார். அது கை மாறிக் கை மாறி வந்தது. வழியில் ஒவ்வொருவரும் விளிம்பை ஒரு தரம் தடவிப் பார்த்தார்கள்.

"உங்களைக் கப்பலுக்கு அனுப்பறதை நிறுத்தியே பத்து வருஷம் ஆச்சு," என்றார் இயக்குநர். "கிடங்குச் சேறு எந்த நிறத்துல இருந்தா உங்களுக்கு என்ன? நாளையிலிருந்து புதுசா வர்ற ஒவ்வொரு துண்டும் உங்க கண்ணுல பட்டுட்டுதான் மேல போகணும். கிண்ணத்தைப் பாருங்க. நிறத்தைப் பார்க்கறவங்க இங்க போதுமான அளவு இருக்காங்க." அப்புறம் மேடையைப் பார்த்து, "உன் படத்துக் கோட்டை நம்பறேன்மா. எழுதி அனுப்பு," என்றார்.

கூட்டம் கலைந்ததும் மச்சினி இயக்குநரின் அறையிலிருந்து அந்த மூட்டையை இழுத்துக்கொண்டு கிடங்குக்கு வந்தாள். இனிமேல் ஒளிக்க என்ன இருக்கிறது? கையில் கத்திரிக்கோல்.

"எப்போ தெரியும் உனக்கு?" என்று கேட்டார் அவர்.

"நீங்க பொண்ணு பார்க்க எங்க வீட்டுக்கு வந்தீங்களே, அன்னிக்கே. தட்டுல அழகுக்கு வெச்சிருந்த தக்காளிக்காயை எடுத்துக் கடிச்சீங்க. வாயெல்லாம் புளிச்சிருக்கும். முகத்தைச் சுளிக்காம முழுசையும் சாப்பிட்டு முடிச்சீங்க. நான் கதவுக்குப் பின்னாடி நின்னு பார்த்துட்டே இருந்தேன். அப்புறம் அக்காகிட்ட சொன்னேன், இவருக்குக் கண்ணு சரியில்ல, ஆனா ஆளு நல்லவர், கட்டிக்கோன்னு."

"உங்க அக்காவுக்கு நீ சொல்லித்தான் தெரியுமா?"

"பின்ன?"

திங்கட்கிழமை சமையலறையில் கேட்ட சிரிப்புக்கு இப்போதுதான் அவருக்கு அர்த்தம் புரிந்தது.

"ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன். செவ்வாக்கிழமைகூட ரொம்ப நேரம் காத்திருந்தேன்." கத்திரிக்கோலைத் திறந்தாள். "அந்தக் கம்பெனிக்காரனை வாழ்த்தினீங்களாமே. அவன் குடும்பம் நல்லா இருக்கணும்னு. அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பா."

"வாழ்த்தினேன்தான். பலிச்சுதா?"

"நல்லாத்தான் இருக்கோம், மாமா."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கவிழ்த்த பெட்டி ஒன்றை இழுத்து அவள் எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"அதை இப்படிக் குடு. இனிமே நான் வெட்டறேன்."

மச்சினி கத்திரிக்கோலை அவரிடம் கொடுத்தாள். அவர் மூட்டைக்குள் கைவிட்டு ஒரு மூடியை எடுத்தார், வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் பார்த்தார், வெட்டினார்.

"மாமா," என்றாள் அவள். "அது பச்சை."